அப்பாவின் வேப்பரைசருக்கு எத்தனை பாகை?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நீண்டகால நீரிழிவால் பாதங்களில் நரம்புவலி. இரவில் எரிவும் ஊசி குத்துவது போன்ற வலியும் வந்து நித்திரையைக் கெடுக்கின்றன. ப்ரெகபலின் குளிசை முழுமையாக உதவவில்லை. வலி நிபுணர் மருத்துவக் கஞ்சாவுக்குப் பத்திரம் எழுதித் தந்தார், நாளொன்றுக்கு அரைக் கிராம் வரை. காய்ந்த கஞ்சாப் பூவைப் புகைக்காமல், எரிக்காது சூடாக்கி ஆவியாக்கும் கருவியான வேப்பரைசரில் எடுக்கச் சொன்னார். நாங்கள் வாங்கிய கையடக்கக் கருவியில் 160 முதல் 220 பாகை வரை வைக்கலாம். இணையத்தில் கிடைத்த கொதிநிலை அட்டவணை ஒன்று, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 157 பாகையிலும், போதை தராத சி.பி.டி. 180இலும், காரியோஃபிலீன் என்ற வாசனைப் பொருள் 119இலும் வரும் என்று சொல்கிறது. 170இல் வைத்தால் ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை. 210இல் இருமலும் தலைச்சுற்றும். 190இல் சிலநேரம் கருகிய வாசம். வலி மட்டும் குறைந்து தலை சுற்றாமல் இருக்க எந்தப் பாகை சரி? மிஞ்சும் தூளை என்ன செய்வது? டிசம்பரில் யாழ்ப்பாணம் போகிறோம், கொண்டுபோகலாமா?
ஒரு வாசகி, ஸ்காபறோ

பதில்: சகோதரி, 185 பாகை செல்சியஸில் வையுங்கள். ஒரு கிழமைக்கு அந்தத் தொடக்க எண்ணை மாற்றாதீர்கள். கருவி பாரன்ஹைற்றில் காட்டினால் அது 365. இந்த அலகுக் குழப்பம் பல வீடுகளில் நடக்கிறது, ஆகவே திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தை முதலில் பாருங்கள்.

ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல. வலியைக் குறைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தலை சுற்ற வைப்பதைப் பூவிலேயே விட்டுவிடும் பாகை எது என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு பாகை இல்லை. உங்களிடம் உள்ள அட்டவணை அப்படி ஒன்று இருப்பதாக நம்பவைக்கிறது.

அந்த அட்டவணையை எடுத்துப் பார்ப்போம். காரியோஃபிலீனுக்கு 119 என்று போட்டிருக்கிறார்கள். அது காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைத்து, 10 மில்லிமீற்றர் பாதரச அளவுக்குக் கொண்டுவந்து, ஆய்வுகூடத்தில் வடித்தபோது கிடைத்த எண். சாதாரண அழுத்தத்தில் அதே பொருள் 260 பாகைக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். டி.எச்.சி.யின் கதை இன்னும் மோசம். ஏறக்குறைய வெற்றிடமான 0.02 மில்லிமீற்றர் அழுத்தத்திலேயே அது கொதிக்க 200 பாகை வேண்டும் என்பதுதான் வேதியியல் கையேடுகளில் உள்ள எண். 157 என்பது ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதி நிலைத்துப்போனது. பைனீன் 156, மிர்சீன் 167, லிமோனீன் 176, லினலூல் 198 போன்ற வாசனைப் பொருட்களின் எண்கள் ஏறக்குறையச் சரி. ஆக, வெவ்வேறு அழுத்தத்தில் அளந்த எண்களை ஒரே வரிசையில் அடுக்கி, ஏணிப்படி போலக் காட்டும் படம் அது.

எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும் பயன் குறைவு. ஒரு பொருள் ஆவியாக அது கொதிக்கவேண்டிய அவசியமில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி 30 பாகை வெயிலில் காய்கிறது, தண்ணீர் அங்கே கொதிப்பதில்லை. பூவின் மேலுள்ள பிசினும் அப்படித்தான். சூடு ஏற ஏற எல்லாப் பொருட்களும் சேர்ந்தே வேகமாக வெளியேறும். இலேசான வாசனைப் பொருட்கள் முந்திக்கொள்ளும், முதல் இரண்டு மூன்று இழுப்பிலேயே மணம் தீர்ந்துபோவது அதனால்தான். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் பருமனிலும் இயல்பிலும் நெருங்கிய மூலக்கூறுகள். வீட்டுக் கருவியின் பாகையை மாற்றி ஒன்றை இழுத்து மற்றதை விட்டுவிட முடியாது.

பாகை தீர்மானிப்பது மூன்று விடயங்களை: பூவில் உள்ளது எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது, ஆவி தொண்டையை எவ்வளவு உறுத்துகிறது, இலை கருகுவதற்கு எவ்வளவு அருகில் போகிறோம். தலைச்சுற்றைத் தீர்மானிப்பது உள்ளே போகும் டி.எச்.சி.யின் மில்லிகிராம். 210இல் அப்பாவுக்குத் தலை சுற்றியது அந்தப் பாகையில் வேறொரு பொருள் வந்ததால் அல்ல. 185இல் எட்டு இழுப்பில் வரவேண்டியது மூன்று இழுப்பில் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே திரையைவிடப் பூப் போத்தலின் சீட்டுத்தான் முக்கியம். கனடாவில் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து வரும் எல்லாப் பொதியிலும் ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் படிக்கவேண்டியது ‘மொத்த டி.எச்.சி.’, ‘மொத்த சி.பி.டி.’ என்ற வரிகளை. காய்ந்த பூவில் இவை பெரும்பாலும் அமில வடிவில் இருக்கும், அந்த அமிலம் போதை தராது. சூடேறும்போது கரியமில வாயு கழன்று டி.எச்.சி. ஆகிறது. எடை கொஞ்சம் குறைவதால் அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்குவார்கள். ‘மொத்த’ என்ற வரியில் இந்தக் கணக்கு ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. சில பொதிகளில் பக்கத்தில் வெறும் ‘டி.எச்.சி.’ என்று சின்ன எண் ஒன்றும் இருக்கும். அதைப் பார்த்து ‘இது மிக மென்மையானது’ என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பூவில் கிராமுக்கு 80 மில்லிகிராம் மொத்த டி.எச்.சி. என்று வையுங்கள். 0.1 கிராம் போட்டால் உள்ளே 8 மில்லிகிராம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், மேசைக் கருவியில் வைத்த தூய டி.எச்.சி.யில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆவியாகப் பையில் சேர்ந்தது. இழுத்ததிலும் மூன்றில் ஒரு பங்கு அளவு வெளிமூச்சோடு போய்விட்டது. அந்தக் கணக்கில் அப்பாவின் உடலில் தங்குவது 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே 0.1 கிராம், கிராமுக்கு 200 மில்லிகிராம் உள்ள பூவாக இருந்தால் 7 மில்லிகிராம். பழக்கமில்லாத 67 வயதுக்காரர் ஒருவருக்கு இது கதிரையைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டிய அளவு. பாகை இரண்டிலும் 185தான்.

கூடுதல் டி.எச்.சி. கூடுதல் வலிநிவாரணம் தருமா என்றால், ஓரளவுக்குத்தான். கலிபோர்னியாவில் நரம்புவலி நோயாளிகள் 39 பேரிடம் வேப்பரைசர் மூலம் நடந்த 2013ஆம் ஆண்டுச் சோதனையில் டி.எச்.சி. 1.29 சதவீதம் உள்ள பூவும் 3.53 சதவீதம் உள்ள பூவும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன. 2015இல் நீரிழிவு நரம்புவலி உள்ள 16 பேரிடம் 1, 4, 7 சதவீதம் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு கூடக்கூட வலி குறைந்தது. ஆனால் 7 சதவீதத்தில் கவனமும் நினைவும் தடுமாறின. இரண்டும் சிறிய, குறுகியகாலச் சோதனைகள். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பூக்கள் 20 சதவீதத்தை, அதாவது கிராமுக்கு 200 மில்லிகிராமை, தாண்டுகின்றன என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டதானால் அது தீரும்வரை காத்திருக்கவேண்டாம். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கிராமுக்கு 60 முதல் 90 மில்லிகிராம் அளவில் சமமாக உள்ள வகைக்கு மாற்றமுடியுமா என்று வலி நிபுணரிடம் கேளுங்கள். தலைச்சுற்றைக் குறைக்க உங்கள் கையில் உள்ள பெரிய வழி அதுதான்.

இனி, போடும் முறை. பலர் அறையை நிரப்பிவிட்டு இழுப்புகளை எண்ணுகிறார்கள். இதில் ஒரு சிக்கல்: முதல் இழுப்பும் ஐந்தாவது இழுப்பும் ஒன்றல்ல. முதலாவதில் சூடு பரவியிருக்காது, மூன்றாவது நான்காவதில் உச்சம், பிறகு இறங்கும். ‘நேற்று மூன்று இழுப்பு, இன்றும் மூன்று’ என்பது ஒரே அளவு மருந்து அல்ல. இதைவிட நல்ல வழி, சிறிய அளவை நிறுத்துப் போட்டு அதை முழுவதும் எடுத்து முடிப்பது. அப்போது நிறுத்த எடைதான் மருந்தளவு. பாகை சற்று முன்பின் ஆனாலும் எடுத்து முடிக்கும் நேரம்தான் மாறும், உள்ளே போகும் மொத்தம் பெரிதாக மாறாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத்தராசு போதும்.

அப்பாவுக்கு 0.05 கிராமில் தொடங்குங்கள். மேலே சொன்ன 80 மில்லிகிராம் பூவில் அது 4 மில்லிகிராம், உடலில் தங்குவது ஏறக்குறைய ஒன்றரை. மூன்று இரவு அதே அளவு. வலி அசையவில்லை, தலையும் சுற்றவில்லை என்றால் 0.07, மேலும் மூன்று இரவுக்குப் பிறகு 0.1. வைத்தியர் எழுதிய அரைக் கிராம் என்பது தாண்டக்கூடாத எல்லை, அங்கே போய்ச் சேரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கையடக்கக் கருவிகளின் அறை பெரும்பாலும் கால் கிராம் கொள்ளும். அதில் 0.05 போட்டால் பூ ஒரு மூலையில் உருண்டு கிடக்கும், சுவரில் படாத பக்கம் சூடேறாது. நீங்கள் 170இல் ஒன்றும் வரவில்லை என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கருவியோடு வரும் உலோகக் குப்பியில், அதாவது மூடி போட்ட சிறிய அலுமினிய அல்லது எஃகுக் கிண்ணத்தில், பூவைப் போட்டு, மேலே மிஞ்சும் இடத்தை அதே நிறுவனத்தின் எஃகு வலைத் திண்டால் நிரப்புங்கள். குசினியில் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளைத் தயவுசெய்து போடவேண்டாம். அதில் எண்ணெயும் சவர்க்காரமும் இருக்கும், நுண்கம்பிகளும் உதிரும்.

அரைப்பது நடுத்தரமாக. கிரைண்டரில் நாலைந்து சுற்று, அதோடு நிறுத்துங்கள். மாவாகிவிட்டால் வலையை அடைக்கும், தூள் தொண்டைக்கு வரும். சுவர் சுட்டுப் பூவைச் சூடாக்கும் வகைக் கருவியானால், கைக்கடக்கமான பல கருவிகள் இப்படித்தான், மெதுவாக அழுத்திப் பூ சுவரோடு படும்படி வையுங்கள். சூடான காற்று பூவினூடாகப் போகும் வகையானால் தளர்வாக விடுங்கள், இறுக்கினால் காற்று ஓரத்தால் வழி தேடிக்கொண்டு நடுவைத் தொடாமல் போய்விடும்.

கருவி அதிர்ந்து ‘தயார்’ என்று சொன்னதும் இழுக்காதீர்கள். அந்த எண் சுவரில் அல்லது சூடாக்கியில் உள்ள உணரியின் எண், பூவினுடையது அல்ல. காய்ந்த பூ சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இன்னும் 30, 40 விநாடி விட்டுவிட்டு முதல் இழுப்பை எடுங்கள். வேகமாக இழுத்தால் குளிர்காற்று உள்ளே புகுந்து அறை ஆறிவிடும், கருவி அதை ஈடுசெய்யச் சூட்டைத் தள்ளும், இழுப்பை நிறுத்தியதும் எண் தாண்டிப் போகும். ஐந்து முதல் எட்டு விநாடி, மெல்லிய இழுப்பு. ஒன்றிரண்டு விநாடி வைத்து விட்டுவிடலாம். மருத்துவச் சோதனைகளில் 5 விநாடி இழுத்து, 10 விநாடி பிடித்து, 40 விநாடி இடைவெளி விடச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் ஒரே அளவு போகவேண்டும் என்பதற்கான ஒழுங்கு. வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்கத் தேவையில்லை. மூச்சை அடக்கினாலே சிலருக்குத் தலை சுற்றும், அதையும் கஞ்சாவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

185இல் ஐந்தாறு இழுப்பு எடுத்தபின் ஆவி மெலிந்துவிட்டால், கருவியை அணைத்து, பூவைக் கிளறி, கடைசி இரண்டு இழுப்புக்கு மட்டும் 195 வையுங்கள். நடுவிலுள்ள மிச்சமும் வந்துவிடும். 205க்கு மேல் அப்பாவுக்குத் தேவையில்லை. நல்ல கருவியில் 210 ஆபத்தான பாகை அல்ல. மருத்துவ உபகரணமாக அனுமதி பெற்ற சில கருவிகளும் அதுவரை போகின்றன. ஆனால் ஆவி சூடாகவும் அடர்த்தியாகவும் வரும், இருமல் எடுக்கும், மருந்து ஒரேயடியாகப் போய்ச் சேரும். ஏறக்குறைய 230இல் இலையே கருகத் தொடங்கும். அங்கிருந்து புகைப்பதன் தீமைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. புகைப்பதைவிட்டு வேப்பரைசருக்கு ஏன் போகிறோம் என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படுவது சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு. 190 பாகையில் ஆவியாக எடுத்தபோது இரத்தத்தில் ஏறிய டி.எச்.சி. புகைத்ததற்கு ஒப்பாக இருந்தது, மூச்சில் காபன் மொனொக்சைட் என்ற புகை நச்சுவாயுவோ மிகக் குறைவு. இதனால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆஸ்துமாவோ நாட்பட்ட மூச்சுத்தடையோ அப்பாவுக்கு இருந்தால் 185கூட வேண்டாம், வாய்வழி எண்ணெய்க்குப் போவதே சரி.

கருகிய வாசத்துக்கு வருவோம். 190 என்று காட்டும்போது கருகக்கூடாது. கருகுகிறதென்றால் இவற்றில் ஒன்று: சுவரில் ஒட்டிய பழைய பிசின் எரிகிறது, பூ வறண்டுவிட்டது, கிளறாததால் சுவரோரம் மட்டும் திரும்பத்திரும்ப வறுபடுகிறது, அல்லது கருவி சொல்லும் எண் பொய். ரொறன்ரோ மாரியில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்திவிடும். மூடி சரியாக இல்லாத போத்தலில் உள்ள பூ சில நாளில் தொட்டால் தூளாகும். அது 175இலேயே காரமாக இழுக்கும். பொதியோடு வரும் ஈரப்பதச் சிறுபையை எறியாமல் போத்தலுக்குள்ளேயே வையுங்கள், மூடியை இறுக்குங்கள். நேர்மாறாக ஈரம் கூடிய பூவில் முதல் இழுப்பு வெறும் நீராவி. அதுதான் நாக்கைச் சுடும்.

எண் பொய்யா என்று அறிய விலைகூடிய கருவி தேவையில்லை. முதல் கிழமை முடிந்தபின், துப்புரவாக்கிய அறையில், நிபுணரின் நாளெல்லைக்குள் வரும்படி ஒவ்வோர் இரவும் ஒரு பாகையாக 175, 185, 195 என்று ஒரே எடையில் எடுத்து முடித்து, மிஞ்சியதை வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டுங்கள். 175இல் பச்சை கலந்த மண்ணிறமும், 185இல் இளம் மண்ணிறமும், 195இல் தேயிலைத்தூள் நிறமும் வரவேண்டும். 185இலேயே கரும்பழுப்பு வந்தால் உங்கள் கருவி பத்துப் பாகையாவது கூடுதலாகச் சுடுகிறது, 175ஐ உங்கள் 185ஆக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் சாம்பலும் தென்பட்டால் எரிந்திருக்கிறது, அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். இதனால்தான் அடுத்த வீட்டுக்காரரின் பாகையை இரவல் வாங்குவதில் பொருளில்லை. ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் ஒரே மாதிரிச் சுடுவதில்லை.

துப்புரவு கிழமைக்கு ஒருமுறை. கருவி முற்றாக ஆறியிருக்க, மருந்தகத்தில் கிடைக்கும் 91 அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து அறைச் சுவரைத் துடையுங்கள். அல்ககோலை உள்ளே ஊற்றாதீர்கள், மின்சுற்றுக்குள் போய்விடும். வலையைக் கழற்றி அதே திரவத்தில் அரைமணி ஊறவையுங்கள். வாய்க்குழலுக்கும் சிலிக்கோன் வளையங்களுக்கும் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். சில பிளாஸ்டிக் பாகங்கள் அல்ககோல் பட்டால் விரிசல் விட்டுவிடும். எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் வெறும் கருவியை ஒருமுறை முழுச் சூட்டில் ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் அப்பாவிடம் கொடுங்கள்.

இடையில் ஒன்று. யாராவது ‘இந்தப் பூ, தராசு எல்லாம் எதற்கு, எண்ணெய்க் குப்பி போட்ட பேனா வாங்குங்கள்’ என்று சொல்வார்கள். 2019இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரை வைத்தியசாலைக்கு அனுப்பிய நுரையீரல் நோய்க்கு முக்கிய காரணமாகக் கண்டது, களவாக விற்ற அத்தகைய குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசற்றேற். காய்ந்த பூவில் அந்தப் பிரச்சினை இல்லை. சட்டபூர்வமான குப்பிகள் வேறு, ஆனால் அவற்றின் டி.எச்.சி. செறிவு 70, 80 சதவீதம் என்று போகும். அப்பாவுக்கு அது பொருத்தமற்றது.

தலைச்சுற்று வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அப்பா கதிரையில் இருந்தபடியே எடுக்கட்டும், எடுத்து அரைமணி நேரம் தனியே எழும்பி நடக்கவேண்டாம். டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், எழும்பும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். நீண்டகால நீரிழிவில் அந்த அழுத்தத்தைச் சமன்செய்யும் நரம்புகளும் பழுதுபட்டிருக்கலாம். ப்ரெகபலின் தன் பங்குக்கு மயக்கத்தைக் கூட்டும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இடைவெளி விடலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள், தானாகவே குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். தலை சுற்றினால் முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவருக்குச் சீனி இறங்கியதும் இதே மாதிரித்தான் இருக்கும், ‘கஞ்சா ஏறிவிட்டது’ என்று படுக்க வைத்துவிட்டால் ஆபத்து. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயங்கி விழுதல் என்றால் 911. அண்மையில் மாரடைப்பு வந்திருந்தாலோ, மனப்பிறழ்வு நோய் வரலாறு இருந்தாலோ, இந்தச் சிகிச்சையைத் தொடங்கமுன் நிபுணரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கவேண்டும்.

கனடாவில் மருத்துவக் கஞ்சா உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து தபாலில் வருகிறது. உங்கள் மருந்தகத்தின் கணினியில் அது பதிவாகியிருக்காது. புதுக் குளிசை வாங்கும்போது ‘ஒத்துப்போகாது’ என்று அந்தக் கணினி எச்சரிக்காது, ஏனென்றால் அதற்குத் தெரியாது. போத்தலைக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். முக்கியமாக இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை எடுப்பவரானால், கஞ்சா தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கவேண்டும். இன்னொன்று: வலி குறைந்த பாதம் ஆறிய பாதம் அல்ல. ஒவ்வோர் இரவும் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கும் வழக்கம் தொடரட்டும்.

இந்த முறையால் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவி சில நிமிடங்களில் வேலை செய்யும், இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் நிற்கும். நித்திரைக்குப் போகவிடாத வலிக்கு அது பொருந்தும். விடியப்புறம் இரண்டு மணிக்கு எழுப்பும் வலிக்குப் பொருந்தாது. அந்த நேரத்தில் இருட்டில் சூடான கருவியோடு அப்பா தனியே இருப்பதை நான் விரும்பமாட்டேன். அப்படியானால் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் நிற்கும் வாய்வழி எண்ணெயைப் பற்றி நிபுணரிடம் பேசுங்கள். எந்தப் பாகையும் ஆவியின் நேரத்தை நீட்டாது. ஒரு சின்னக் கொப்பியில் திகதி, எடை, எடுக்கமுன் வலி பத்துக்கு எத்தனை, அரைமணிக்குப் பின் எத்தனை, தலைச்சுற்று உண்டா என்று எழுதிக்கொண்டு போனால் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். வாகனம் ஓட்டுவது பற்றி: எடுத்த இரவில் வேண்டாம். மருத்துவப் பத்திரம் இருப்பதால் போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்திலிருந்து விலக்கில்லை. உங்கள் தொடர்மாடியின் நடைவழி, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம் போன்ற பொது இடங்களில் வேப்பரைசரில் எடுப்பதும் ஒன்ராறியோவில் தடை.

மிஞ்சிய தூளில் இன்னும் சரக்கு இருக்கிறது. 185இல் எடுத்ததில் கணிசமாகவே இருக்கும். அதோடு அது ஏற்கெனவே சூட்டில் மாறியது. பச்சைப் பூவைத் தின்றால் ஏறாதது, இதைத் தின்றால் ஏறும். ஒரு மணி, இரண்டு மணி கழித்து ஏறி, பலமணி நேரம் நிற்கும். சேர்த்துவைத்துத் தேத்தண்ணீரிலோ நெய்யிலோ போடும் யோசனையை அப்பாவிடம் யாராவது சொல்வார்கள். அளவு தெரியாத மருந்து அது, வேண்டாம். பேரப்பிள்ளைகளும் நாயும் உள்ள வீட்டில் திறந்த சாம்பல்கிண்ணத்தில் அதை விடக்கூடாது. பூவும் தூளும் பூட்டுப் போட்ட அலுமாரியில். எறியும்போது பாவித்த கோப்பித்தூளோடு நனைத்துக் கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தை ஒன்று வாயில் வைத்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நஞ்சு மையத்தை அழையுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு எதுவும் போகக்கூடாது. 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா கனடாவுக்குள் சட்டபூர்வம், ஆனால் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம். வைத்தியரின் பத்திரம் இருந்தாலும் குற்றம். பூ, எண்ணெய், சி.பி.டி. மாத்திரம் உள்ளது, எல்லாவற்றுக்கும் இதே விதி. இலங்கையில் அது அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். சென்னை வழியாகப் போனால் இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் குறுக்கே வரும். கருவியையும் வீட்டில் விடுங்கள். எவ்வளவு துடைத்தாலும் வலையிலும் அறையிலும் பிசின் மிஞ்சும், கட்டுநாயக்காவில் அதை விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை அப்பாவுக்கு வேண்டாம். கைப்பையின் ஓரங்களையும் கிரைண்டர் வைத்திருந்த பையையும் உதறிப் பாருங்கள்.

பயணத்துக்கு ஆறு கிழமை முன்னரே நிபுணரைப் பார்த்து, அங்கே இருக்கும் நாட்களுக்கு ப்ரெகபலின் அளவை மாற்றுவதா, வேறு குளிசை சேர்ப்பதா என்று தீர்மானியுங்கள், மாற்றம் ஒத்துக்கொள்கிறதா என்று இங்கிருக்கும்போதே தெரிந்துவிடும். குளிசைகளை மருந்தகச் சீட்டு ஒட்டிய போத்தலிலேயே, வைத்தியரின் கடிதத்தோடு கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் விட்ட அளவில் தொடரவேண்டாம். மூன்று நான்கு கிழமை இடைவெளியில் உடலின் பழக்கம் குறைந்துவிடும், பழைய 0.1 இப்போது கூடுதலாக ஏறும். மறுபடியும் 0.05, அதே 185, மூன்று இரவு. அதற்குள் போத்தலில் கிடந்த பூ வறண்டிருந்தால் முதல் நாள் 180.